காற்றுக்கு விட்ட இடம்

கண்ணாடிக்காரரைத் திறமையான மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். பிடிவாதமான மெக்கானிக் என்று சொல்லலாம். அவருடைய தொழிலும் அதுவல்ல. ஜன்னல் கண்ணாடிகளை வேனில் கொண்டுபோய்ப் புது வீடுகளில் இறக்குவதுதான் வேலை. ஆனால் தன் வேனில் இன்னொருவர் ஸ்பானர் வைக்க அவர் விட்டதில்லை.

புது வீடுகளெல்லாம் மேட்டில் எழும்பிக்கொண்டிருந்தன. கண்ணாடிப் பாரத்தோடு அந்த ஏற்றத்தில் பழைய எஞ்சின் திணறியது. நடந்து போகிறவர்கள்கூட வேனை முந்தினார்கள். அதனால், உடைப்புக்கு வந்த பெரிய வண்டி ஒன்றின் டர்போ எஞ்சினை வாங்கித் தன் சிறிய வேனுக்குள் இறக்கினார். அந்த வேனில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைகளுக்கு அடியில். இறக்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. டர்போவின் வாய் வண்டியின் சட்டத்தைப் பார்த்து நின்றது. நடுவில் கை நுழையும், குழாய் நுழையாது.

டர்போ வேறொன்றுமில்லை, காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும் சிறிய சக்கரம். அதன் வாய்க்கு ஃபில்டரிலிருந்து அகலமான குழாய் ஒன்று வர வேண்டும். அதிகம் வளையக் கூடாது, சூடு படக் கூடாது. கீழே கொண்டுபோனால் மழைக்காலத்தில் தண்ணீரைக் குடிக்கும். பக்கவாட்டில் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். நேர் மேலே மட்டும் வழி இருந்தது. நேர் மேலே இருந்தது டிரைவருக்குப் பக்கத்து இருக்கை.

அவர் அதைக் கழற்றினார். யோசிக்காமல் செய்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்க வேண்டிய விஷயமாகவே அது அவருக்குப் படவில்லை.

அந்த இருக்கையில் வழக்கமாக உட்கார்ந்து வந்தவர் அவருடைய மனைவி. மேட்டுக்கு லோடு போகும்போதெல்லாம் கூடவே போவார். அவருக்கு ஒரு வேலை உண்டு, கேட்பது. பின்னால் சட்டத்தில் சாய்த்துக் கட்டிய கண்ணாடிகள் லேசாக உரசத் தொடங்கினால் அவருக்குத்தான் முதலில் கேட்கும். "பேசுது, மெதுவா போங்க" என்பார். மகனுக்குக் குழந்தை பிறந்தபோது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகன் ஊருக்குப் போனார். அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது. தொலைபேசியில் முதலில் நிறையப் பேசினார்கள். பிறகு அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதோடு நின்றது.

கழற்றிய இருக்கையை அடுத்த ஷெட்டில் குஷன் தைக்கும் பெண்ணிடம் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன அண்ணே, புதுசா தைக்கணுமா?"

"வேண்டாம்மா. யாருக்காவது ஆகும்னா குடுத்துடு."

"அப்போ அண்ணி வந்தா மடியில உட்கார வைப்பீங்களா?"

"வந்தா பாத்துக்கலாம்."

"நல்லாப் பாத்தீங்க போங்க" என்று அவள் இருக்கையைத் துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

தரையில் துளை போட்டு, குழாயை நேராக மேலே ஏற்றி, இருக்கை இருந்த இடத்தில் ஃபில்டர் பெட்டியைப் பொருத்தினார். ஜன்னலோரக் குளிர்ந்த காற்று நேரடியாக இறங்கியது. மேட்டில் வேன் எகிறிப் பாய்ந்தது. வேலையாக மட்டும் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷெட்டுக்கு மேலே இருந்த தன் அறைக்கு வந்து, அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டார். நாற்காலி இருந்தது. அதன்மேல் கழற்றிய போல்ட்டுகள் கிடந்தன.

மனைவி கூப்பிட்டது அந்த வாரம்தான்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருக்கேன்."

"வா."

"பிள்ளையை இனிமே அவங்களே பாத்துப்பாங்க போல. அங்க உங்களோடவே இருந்துடலாமான்னும் ஒரு நினைப்பு. பாப்போம். ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருவீங்கல்ல?"

"வரேன்."

"லோடு இருந்தா ஏத்திக்கிட்டே வாங்க. ஒரு நடை மேட்டுக்குப் போய்ட்டு வரலாம். நாளாச்சு."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தார். மனைவியின் இடத்தில் பெட்டி உட்கார்ந்திருந்தது.

அன்றே பெட்டியைப் பிடுங்கினார். ஃபில்டரை இருக்கைக்குப் பின்னால், கூரையோரம் மாட்டினார். அங்கிருந்து கியர்பாக்ஸின் மேல் சுற்றி வளைந்து வந்தால்தான் டர்போவை எட்ட முடியும். நெளிந்து போவதற்கு வசதி என்று மெத்தென்ற ரப்பர் குழாயைப் போட்டார். நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தபோது எஞ்சின் நன்றாகவே பாடியது. பாரத்தோடு மேட்டில் ஏறியபோது பாதியில் செத்துப்போனது. இறங்கிப் பார்த்தால் குழாய் சாதுவாக, உருண்டையாக இருந்தது. மறுபடி ஏற, மறுபடி செத்தது.

எதிர் ஷெட் வெல்டர் வந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இது ஊதுற பக்கம் இல்ல, உறிஞ்சுற பக்கம். பாரம் ஏறினா குழாயை உள்ளே இழுத்துச் சப்பட்டையாக்கிடும். நின்னா பழையபடி உருண்டை. நீங்க இறங்கிப் பாக்குறப்ப நல்ல பிள்ளையா நடிக்குது."

"இரும்புல பண்ணித் தா."

"பண்ணலாம். இத்தனை வளைவு வருதே? மூக்கு வைக்கிறீங்களா, தும்பிக்கையா? நேர் மேலே விட்டா விஷயம் முடிஞ்சுது."

"மேலே ஆள் உட்காரணும்."

வெல்டர் அளவெடுத்துக்கொண்டு போனார். துண்டு துண்டாக வெட்டி, வளைத்து ஒட்டிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதற்குச் சூடு தாங்கும் துணியைச் சுற்றினார். தரைத் துளையைத் தகடு வைத்து மூடி, குஷன்காரியிடமிருந்து இருக்கையை வாங்கி, புதுப் போல்ட் போட்டு முறுக்கினார். வேன் ஏறியது. முன்புபோலப் பாயவில்லை, ஆனால் ஏறியது.

ஞாயிறன்று மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். மேட்டு வளைவில் தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"பேசுது. மெதுவா."

கண்ணாடிக்காரர் மெதுவாகப் போனார். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தம்மா காலால் தரைத் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"சீட்டைக் கழட்டினீங்களா?"

"ம்."

"இங்க என்ன இருந்துச்சு?"

"காத்துப் பெட்டி. அதுக்கு வேற இடம் இல்ல."

மனைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"நானும் அங்க என் துணியெல்லாம் பிரிச்சு அலமாரியில அடுக்கிட்டேன்" என்றார் கொஞ்ச தூரம் போனபின். "பெட்டியிலயே வச்சிருந்து பாத்தேன். எத்தனை நாளைக்குத்தான் குனிஞ்சு குனிஞ்சு எடுக்குறது?"

அடுத்த வாரம் பேரனுக்குக் காய்ச்சல் என்று மகன் கூப்பிட்டான். ஸ்டேஷனில் வண்டியை விட்டு இறங்கும்போது மனைவி, "போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்க, ஆடுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் வெல்டர் கேட்டார். "அதான் அண்ணி போயிட்டாங்களே. குழாயை நேர் வழிக்கே மாத்திடலாமா? அரை நாள் வேலை. வண்டி பறக்கும்."

கண்ணாடிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும். இழுக்குதுல்ல?"

மேட்டு வளைவு வந்ததும் அவர் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். கண்ணாடி பேசுகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரிவதில்லை.