சித்தி நகம் வெட்டிக்கொண்டது

என் தம்பியின் தொடையில் அந்த நீலத்தை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான். மக்சிக் என்று கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் ஒரே குழாயடி. சித்தி தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மக்சிக் குனிந்து பார்த்து, தூக்கத்தில் பேய் கடித்திருக்கிறது, மஞ்சள் தடவு, போய்விடும் என்று மலாயில் சொன்னார். காரணம் தெரியாமல் உடம்பு கன்றினால் அவர்கள் அப்படித்தான் சொல்வது.

எங்கள் ஆட்களும் பேயை நம்பாதவர்கள் இல்லை. ஆனால் வீட்டிலேயே ஒரு சித்தி இருக்கும்போது பேயைத் தேடி எதற்குப் போக வேண்டும்?

அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவர் சித்தி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தம்பிக்கு அப்போது நாலு வயசு, எனக்கு எட்டு.

முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நீலம் கூடிக்கொண்டே போனது. குழாயடியில் பேச்சும் கூடியது. "துணி மறைக்கிற எடமாப் பாத்துக் கிள்றா." சித்தி கிள்ளி நான் பார்த்ததில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

சித்தி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு காலையில் அப்பாவின் சவர பிளேடை எடுத்து, எல்லா விரல் நகத்தையும் சதை தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டிக்கொண்டார். பிறகு குழாயடிக்கு வந்து, எல்லார் கண்ணிலும் படும்படி கையை விரித்து வைத்துத் துணி துவைத்தார். சோப்புத் தண்ணீர் பட்டு எரிந்திருக்கும்.

"நகம் இல்லாட்டி என்னா, பல்லு இருக்குல்ல" என்றார் ஒரு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சு கிளாங் வரைக்கும் போய்விட்டது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். உட்காரக்கூட இல்லை. தம்பியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"தாயில்லாத புள்ள, கேக்க ஆளில்லன்னு நெனச்சியாடி?"

"நான் கைய வைக்கல அண்ணி."

"கைய வைக்காமத்தான் புள்ள ஒடம்பு கத்திரிக்கா மாதிரி இருக்கா?"

அப்பா வாசற்படியில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அத்தையே தீர்ப்பும் சொன்னார். பிள்ளைகள் ஒரு மாசம் கிளாங்கில் இருக்கட்டும். அங்கே புதுசாக ஒன்றும் வராவிட்டால் இவளை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அப்பாவின் கை பொத்தானிலேயே இருந்தது.

கிளாங்கில் தம்பிக்கு ராஜ உபசாரம். தினமும் முட்டை, ஆட்டுக்கால் சூப்பு. எனக்குக்கூட ஒரு சிவப்பு ரிப்பன் கிடைத்தது. பழைய நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை சட்டையைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, கை மாறுனதும் ஆறுது."

அந்த வாரமே, ஆறிய இடத்துக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று வந்தது.

அத்தை தன் மகனைப் பிடித்து அடித்தார், அவன்தான் கிள்ளியிருக்க வேண்டும் என்று. தம்பியைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். அப்படியும் வந்தது. பல் விளக்கினால் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. மாமா லோரி ஓட்டுகிறவர். அவர் வாய்க்கு பிரேக் கிடையாது.

"உன் தம்பி பொண்டாட்டி பஸ்ஸு புடிச்சு வந்து கிள்ளிட்டுப் போறாளா லா? இல்ல, நீதானா?"

அத்தை தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்களை அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார். சித்தி வாசலுக்கு வந்தார். அத்தை சட்டையைத் தூக்கி, "இது என் வீட்டுல வந்தது" என்றார். சித்தி ஒரு விரலால் அந்த நீலத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயடியே பார்க்க, படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். அதுவரை அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் நோய் என்றார்கள். அடுத்த தீபாவளிக்குத் தம்பி இல்லை. சித்தி எங்களோடுதான் கடைசிவரை இருந்தார்.

இப்போது என் பேரனுக்கும் ரத்தப் புற்றுநோய். மருமகளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நம் பெண்தான், சின்ன வயசு.

"ரத்த செல் ஒன்னு ரெண்டாப் பிரியறப்ப, உள்ள இருக்கற ஜீன்ல ஒரு மாற்றம் வந்திடுது அக்கா. சில பிள்ளைங்களுக்கு வயித்துல இருக்கறப்பவே தொடங்கியிருக்கும். என்ன மாற்றம்னு டெஸ்ட்ல பாத்துத்தான் மருந்து குடுப்போம். இப்ப நிறைய பிள்ளைங்க நல்லாயிடறாங்க."

"அப்ப நான் ஏதாச்சும் சாப்பிட்டதாலயா?" என்றாள் மருமகள்.

"இல்லக்கா. பெத்தவங்ககிட்டருந்து வந்ததும் இல்ல. யாரும் பண்ணுனது இல்ல."

நான் ரொம்ப வருஷம் பூக்கடைக்குப் பூ கட்டிக் கொடுத்தவள். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் எங்கேயோ ஒரு முடிச்சு பிசகும். அதற்கு நூலைச் சொல்வதா, பூவைச் சொல்வதா? யாரும் பண்ணியது இல்லை என்பது மருமகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நான் பண்ணுன தப்பா இருந்தா நிறுத்திக்கலாமே டாக்டர்."

அந்த இடத்தில்தான் சித்தி எனக்கு விளங்கினார். தம்பி கிளாங்கிலிருந்து புது நீலம் இல்லாமல் வந்திருந்தால் சித்தியை அனுப்பியிருப்பார்கள். ஆனால் அது நோய் இல்லை, வெறும் கிள்ளல்தான் என்று ஆகியிருக்கும்; தம்பி பிழைத்திருப்பான். படியில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்துவிட்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி ஜெயித்துவிட்டார் என்பதுதான். ஜெயித்தவர் எதற்கு அழ வேண்டும்? அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்து, என் புது ரிப்பனைக் காட்டிக்கொண்டிருந்தேன்.