வர்த்தமானன் சாப்பிடாத சோறு

குணமதி பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. வாய் மட்டும் உண்டு. மலைக்குக் கிழக்கே இருக்கும் வேங்கிக்காலில் அவள் தெருவே அந்த வாய்க்குப் பயந்தது. காலமெல்லாம் அந்த வாயோடு குடும்பம் நடத்திய வர்த்தமானன், போன வாரம் அவளோடு சண்டை போட்டுவிட்டுப் பட்டினியாகச் செத்துப்போனார்.

அன்றைக்கு மோட்டாருக்குக் கரண்டு வரத் தாமதம். கொல்லையில் மல்லாட்டைக் கடலைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அவர் வீடு திரும்பியபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. ஜைனக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள்.

"பொழுது போயிடுச்சு. சோறு வேணாம்."

"யோவ், நாள் முச்சூடும் வெயில்ல காஞ்சிட்டு வெறும் வயித்தோட படுப்பியா?" என்று கத்தினாள். படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

செத்தவர்கள் காக்காயாக வந்து சாப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு ராஜம்மாள் சொன்னாள். இன்று மாலை குணமதி வாசலில் இலை போட்டாள். சோறு, புடலங்காய்க் கூட்டு, ரசம். காக்காய் வரவில்லை. கொழுந்தன் சுதர்சன் வந்தான். ஜினாலயத்தில் பிரசங்கம் செய்கிறவன்.

"நம்மள்ல இதெல்லாம் உண்டா அண்ணி? அண்ணன் ஆத்மா அப்பவே வேற உடம்பு எடுத்திருக்குங்க. உலகத்துக்கு ஆரம்பமும் கெடையாது, முடிவும் கெடையாது. யாரும் உண்டாக்கல. தானா மாறும், தானா புதுசாவும். எதுவும் அழிஞ்சு போவாது."

"எதுவும் அழியாதா?"

"அழியாதுங்க."

"அப்ப அந்த மனுசன் பசியோட போச்சே, அந்தப் பசி எங்கடா போச்சு? சொல்லு! புது உடம்புல எவ மடியில ஒக்காந்து அழுவுது?"

சுதர்சன் கிளம்பப் பார்த்தான். பிரசங்கத்தில் யாரும் இப்படிக் குறுக்கே கேட்டதில்லை.

"கணக்கில்லாத பிறவின்னா எல்லாரும் எல்லாருக்கும் ஒரு தடவயாவது புருசன், புள்ள, அண்ணன்னு நீதானே சொல்லுவ? அவரு சோத்த எந்த வயித்துல போட்டா என்ன? ஒக்காரு."

"ஐயோ அண்ணி, பொழுது போயிடுச்சு. சூரியனைக் காணோம் பாருங்க."

அவ்வளவுதான். கரண்டியை ஓங்கினாள்.

"மலை மறைக்குதுடா! அந்தப் பக்கம் அடி அண்ணாமலை ஊர்ல பளீர்னு வெயில் அடிக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கண்ணு! உங்க கண்ணுக்குத் தெரியலன்னா சூரியன் செத்துப்போச்சா?"

சுதர்சன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். பயத்தில் வேக வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"போதும் அண்ணி."

"மூடிக்கினு தின்னு. அந்த மனுசன் எங்க பொறந்திருந்தாலும், அடிச்சு ஒக்கார வெச்சு சோறு போட ஒருத்தி இருக்கணும்" என்றபடி அடுத்த கரண்டிச் சோற்றை இலையில் அறைந்தாள்.