முதல் கைதட்டு

தாராவியில் எங்கள் சந்து நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு இலக்கியக் கூட்டம் நடக்கும். தங்களால்தான் நடக்கிறது என்று எழுத்தாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நடத்தியது ஆறுமுகத்தாய் அக்கா. பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவள். கூட்டத்துக்கு நாற்காலியைச் சும்மாவே போடுவாள். போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. சந்துக்குள் போய், "ஏட்டி, சீரியல் எங்க ஓடிப்போவுது, வாங்கட்டி" என்று பத்துப் பதினைந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

கவிதை அவளுக்குப் புரியாது. எனக்கே பாதிதான் புரியும். ஆனால் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயில் ஏறி வந்தவர் முகம் வாடக் கூடாது என்பது அவள் கட்சி. பேசுகிறவர் குரல் எங்கே உயர்ந்து நிற்கிறதோ அங்கே கை தட்டுவாள். அவள் தட்டினால் கூட்டமே தட்டும். ஒருமுறை ஒரு பேராசிரியர் தன் மனைவி இறந்ததைச் சொல்லிக் குரலை உயர்த்தினார், அதற்கும் தட்டினாள். மனிதர் திகைத்துப்போய்க் கும்பிட்டார்.

போன வருடம் முகேஷ் வந்து ஒட்டிக்கொண்டான். இங்கேயே பிறந்த நம்ம பையன்தான். இப்போது ஒரு பில்டரிடம் வேலை. தமிழ் பேசுவான், படிக்க வராது. சாயா, வடை, பேனர் எல்லாம் அவன் செலவு. "இலக்கியத்துக்கு இப்படி ஒரு புரவலரா!" என்று எங்கள் செயலாளர் கலீலுல்லா பூரித்துப்போனார். எனக்கு அவன்மேல் சந்தேகம்தான். கவிதை வாசிக்கும்போது அவன் கவிஞரைப் பார்க்க மாட்டான். சுவரையும் கூரையையும் பார்ப்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்றேன். வடையைத் தின்றுகொண்டே கேட்டார்கள்.

ஆண்டு விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஏற்புரைக்கு எழுந்தவன் பாதி இந்தியில் வேகமாகப் பேசினான். அவனோடு வந்த ஆள் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். மேடையை அல்ல, எங்களை. ஏன் என்று நான் யோசிப்பதற்குள் முகேஷ் குரலை உயர்த்தினான்: "இந்தப் பழைய பில்டிங்க எடுத்துட்டு டவர் வருது. லைப்ரரிக்கு அப்புறமா எங்கயாவது ஜாகா பாப்போம். உங்க எல்லாருக்கும் மன்ஜூர்தானே?"

அக்கா தட்டினாள். கூட்டம் தட்டியது.

மன்ஜூர் என்றால் சம்மதம். கட்டடம் குடியிருப்புச் சங்கத்துடையது. வாசகர்களே சம்மதித்துவிட்டார்கள், வீடியோ இருக்கிறது என்று சங்கத்தில் கைவிரித்துவிட்டார்கள். மழைக்கு முன் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். புத்தகங்களைச் சாக்கில் கட்டி அக்காவின் கிடங்கில் அடுக்கினோம். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. மூட்டைகளின் நடுவே அவள் நின்றதைப் பார்த்தபோது கோபம் போய், அடுத்து எது போகுமோ என்ற பயம்தான் மிஞ்சியது.

அப்போதுதான் முகேஷ் அவளுக்குப் போன் செய்தான். "அக்கா, வர்ற ஞாயிறு பக்கத்து சந்து கோயில் ஹால்ல கவியரங்கம் வச்சிருக்கோம். நாற்காலி, ஆளு ரெண்டும் நீங்கதான் பாத்துக்கணும்."

"நாற்காலியும் கெடையாது, நாயும் வராது. வையிலே போன!"

"பரவால்லக்கா. மரியாதைக்குச் சொன்னேன்" என்று சிரித்தான்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துச் சந்துக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். வீடு வீடாகக் கெஞ்சினாள்: "அந்தக் கூட்டத்துக்குப் போவாதிய. சம்மதம்னு படம் புடிச்சு வீட்டப் புடுங்கிருவானுவ."

அந்தச் சந்தில் குடியிருக்கும் மாரிசெல்வி குழாயடியில் நின்றிருந்தாள். எங்கள் கூட்டங்களுக்கு அக்கா கூட்டிவந்து பழக்கியவர்களில் முதல் ஆள். அக்கா மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் தோளை அன்பாகத் தட்டினாள்.

"உங்களுக்கு முடியலன்னா நீங்க வீட்ல இருங்கக்கா. முகேஷ் தம்பி எங்கிட்ட சொல்லிடுச்சு. அம்பது பேரு சேத்தாச்சு."