நுவாக்கோட்டுக்குப் போன பெடியள்

வெம்பிளியில் புதிதாய்த் திறந்த நேபாளக் கடையின் பெயர்ப்பலகையில் ‘நுவாக்கோட்’ என்றிருந்தது. 1987 மார்கழியும் இங்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அறையின் பரஃபின் அடுப்பு மணமும் நினைவுக்கு வந்தன. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் இயக்கத்துக்குப் போன அண்ணையிடமிருந்து மூன்று மாதமாய்க் கடிதமில்லை.

நேபாள வரலாறு பற்றிய நூலகப் புத்தகத்தோடு இருந்த அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

“இஞ்சேரும், இந்தக் கூர்க்கா ராசாவும் சின்னப் பெடியன்தான். நுவாக்கோட்டைப் பிடிக்கப் போய் முதல்தரம் தோத்துத் திரும்பினவன். பிறகுதான் பெரிய ராசா ஆனவன்.”

“அவனோட போன பெடியளும் திரும்பி வந்தவையோ?”

அப்பா முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

“அதொண்டும் போடேல்லை.”

“அப்ப ஏன் எனக்கு வாசிக்கிறியள்?”

அண்ணை வரவேயில்லை. என் குடும்பக் குறிப்பேட்டில் அவர் பிறந்த திகதி இருக்கிறது. மற்றதை யாரிடம் கேட்டு எழுதுவதென்று இன்றும் தெரியவில்லை.