இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன்

தனக்கொடிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. செருப்பு ஸ்டாண்டில் வேலை பார்ப்பவளுக்கு உட்கார்ந்திருப்பதுதான் பாதி வேலை. ஆனாலும் அவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவாள். அடுக்கிய செருப்பையே மறுபடி அடுக்குவாள், கோயில் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "உனக்குக் கால்ல சக்கரமாக்கா கட்டியிருக்கு?" என்பான் ஸ்டாண்டை ஏலம் எடுத்திருக்கும் தேவதாஸ்.

அவளுக்கு வீடு புதுச்சேரியில், சாரம் பகுதியில். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து மேற்கே போனால் அரை மணியில் கோயில் இருக்கும் ஊர் வந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் உள்ள ஊர். இப்போதும் பெரிய மனிதர்கள் வந்து பிடிக்கிறார்கள், வெறுங்காலோடுதான். அவர்கள் செருப்பு மட்டும் காரிலேயே தங்கிவிடும். அதற்கு டோக்கன் போடும் பாக்கியம் தனக்கொடிக்கு இதுவரை வாய்க்கவில்லை.

ஊரே கோயிலை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. பூக்காரிகள், தேங்காய்க் கடை, விளக்கு விற்பவர்கள், வண்டி நிறுத்த சீட்டுக் கிழிப்பவர்கள். பிரதோஷத்துக்கும் முகூர்த்தத்துக்கும் மூச்சு விட நேரம் இருக்காது, மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டும்.

கோயிலில் செருப்புத் தொலைந்தால் சனி விட்டது என்று நம் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சாயங்காலம் நாலைந்து ஜோடி கேட்பாரற்றுக் கிடக்கும். அவற்றைக் குப்பை வண்டியில் போட்டுவிடுவது வழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் நீல வார் வைத்த ஒரு ரப்பர் செருப்பு நின்றுபோனது. "எவனுக்கோ சனி விட்டுச்சு, போடுக்கா" என்றான் தேவதாஸ். போட்டாள். மறுநாள் விடிந்ததும் செல்வாம்பாள் என்று ஒரு பெண் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரர், ஞாபகம் தப்பிப்போன அவள் புருஷன், வழி தெரியாமல் எங்கோ போய்விட்டார். மூன்றாம் நாள் விழுப்புரம் ரோட்டோரம் கண்டுபிடித்தார்கள், உள்ளங்கால் இரண்டும் வெந்துபோயிருந்தன. பத்து நாள்தான் இருந்தார். தனக்கொடியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளேதான் தன்னைத் தினமும் சொல்லிக்கொள்கிறாள். இருப்புக் கொள்ளாமல் போனது அன்றிலிருந்துதான்.

இந்த வருடத் தேர் பதினொரு மணிக்கு நிலைக்கு வந்தது. தேருக்கு இடம் விடுவதற்காக அன்று மட்டும் செருப்பு ஸ்டாண்டைக் கோபுர வாசலிலிருந்து கிளப்பி ஒரு சந்துக்குள் தள்ளிவிடுவார்கள். கூட்டம் வந்து டோக்கனை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டு போனது. கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் நின்றது. பழுப்புத் தோல் செருப்பு, இரண்டு முறை தைத்தது, பளபளவென்று பாலிஷ் போட்டது.

தனக்கொடிக்கு முகம் நினைவில் நிற்காது, செருப்பு நிற்கும். காலை ஏழு மணிக்கு நிமிர்ந்த நடையோடு ஒரு பெரியவர் கழற்றி வைத்தது. "எத்தினி மணி வரைக்கும் இருப்பே?" என்று இரண்டு முறை கேட்டார்.

"தேவா, மைக்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. பெரியவர் ஒருத்தரைக் காணோம்."

"நன்கொடை கொடுத்தவங்க பேரு வாசிக்கிறாங்க, நடுவுல போய் செருப்பைப் பத்திச் சொல்றதா? சனி விட்டுச்சுன்னு போயிருப்பாருக்கா."

"சனியைக் கழிக்க வர்றவன் பாலிஷ் போட்டுக்கினு வருவானா?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை எடுத்துக்கொண்டு, "நீயே பாத்துக்க" என்று நடையைக் கட்டினாள்.

எங்கே என்று தேடுவது? ஒரு கணம் நின்று யோசித்தாள். வெறுங்கால். உச்சி வெயில், தார் ரோடு. வடம் பிடிப்பவர்களின் கால் சுடக்கூடாது என்று தேர் வரும் நான்கு வீதியிலும் லாரித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் சுட்டுவிடும். ஈரம் இருக்கிற இடத்தில்தான் கால் போகும். அப்படியானால் அவர் இந்த நான்கு வீதியையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க வேண்டும். சந்துக்குள் இருக்கும் ஸ்டாண்டு எத்தனை சுற்றினாலும் கண்ணில் படாது. தேர் நிலைக்கு வந்ததும் தண்ணீர் லாரி போய்விட்டது. இன்னும் அரை மணியில் வீதி காய்ந்துவிடும்.

பின்னாலேயே போனால் பிடிக்க முடியாது என்று எதிர்ப்பக்கமாக நடந்தாள். நடந்தாள் என்பது சும்மா, ஓடினாள். "ஏம்மா, சாமி சுத்துற பக்கம் தெரியாதா?" என்று ஒருத்தி அதட்டினாள். வடக்கு வீதியில் இல்லை. மேற்கு வீதியில் பாதிக்கு மேல் ஈரம் போயிருந்தது. மோர்ப்பந்தல், வளையல் கடை, எதிரில் வருகிற கால்கள். அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தாள்.

தெற்கு வீதி முனையில் ஒரு பூட்டிய கடையின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். கால்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"ஐயா, உங்க செருப்பு" என்று காலடியில் வைத்தாள்.

அவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்து, டோக்கனை முதலில் அவளிடம் கொடுத்தார். "மெர்சி, மா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பேர் கேட்டதற்குக் கமலக்கண்ணன் என்றும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்றும் சொன்னார். மகள் பேர் துர்கா, அவளோடுதான் வந்தார். வீடு எங்கே என்றதற்கு மட்டும் மறுபடி துர்கா பேரையே சொன்னார்.

தனக்கொடி தேவதாஸுக்குப் போன் போட்டாள். "நன்கொடையை நிறுத்திட்டு இந்தப் பேரைச் சொல்லச் சொல்லுடா" என்றாள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அந்தப் பேர் கேட்டது. பக்கத்துப் பந்தலிலிருந்து மோர் வாங்கிவந்து கொடுத்தாள்.

"இவ்ளோ நேரமா சுத்தியிருக்கீங்களே. யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம் இல்லீங்களா?"

"கேட்டேம்மா. பத்துப் பேர்கிட்ட கேட்டேன். செருப்பு போனா சனி விட்டுச்சு பெரியவரே, சந்தோஷமா வீட்டுக்குப் போங்கன்னாங்க." அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். "வீடு எந்தப் பக்கம்னுதான் யாரும் சொல்லல."

தனக்கொடி அழுதுவிட்டாள். குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டி வாரை இழுத்துப் போட்டாள். செருப்பை வண்டியிலேயே விட்டிருந்த துர்கா வெறுங்காலோடு ஓடி வந்து சேர அரை மணி ஆயிற்று. அதுவரை அவள் அந்தப் படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.