மூன்றாவது புகார்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சாம்பல். எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பு வேலை அவருடையது; குடும்பத்தோடு குடியிருப்பதும் அங்கேயேதான். இளசுகள் மாடிப்படிச் சுவரில் கிறுக்குவதும், திங்கட்கிழமை காலையில் அதன்மேல் அவர் சாம்பல் நிறப் பெயிண்ட் அடிப்பதுமாகப் பத்து வருடம் ஓடிவிட்டது. முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மனுஷர் சலித்துப்போய்விட்டார், ஒளிப்பானேன்.

கிறுக்கலை ஒழிக்கக் குடியிருப்பு அலுவலகம் கண்டுபிடித்த வழி புகார்ப் படிவம். ஒரு வீட்டுப் பிள்ளைமேல் மூன்று புகார் சேர்ந்தால் குடும்பமே வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊழியர் வீட்டுப் பிள்ளை என்றால் ஒன்றே போதும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். ஆனாலும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

இந்தத் திங்கட்கிழமை, சுவரில் சிவப்பாக ஆள் உயரத்துக்கு, ‘ரூமைத் திறங்க’ என்றிருந்தது. பிள்ளைகள் டேபிள் டென்னிஸ் ஆடிய கீழ்த்தள அறையைத்தான் சொல்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று போன வருடம் அதைப் பூட்டி, பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியவரும் அவரேதான்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் கதி மூன்றாம் மாடித் தையல்காரம்மாவுக்கு. அவள் மகள்மேல் ஏற்கெனவே இரண்டு புகார். வேறு யார் எழுதியிருக்கப் போகிறார்கள் என்று அந்த வீட்டு எண்ணையே படிவத்தில் எழுதினார். தையல்காரம்மா படியில் வந்து நின்றாள்.

“அண்ணே, அவ மூணு நாளா காய்ச்சல்ல கிடக்கா. நாங்க எங்கண்ணே போவோம்?”

“எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க.”

சொல்லிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது, தண்ணீர்க் குழாய்க்கென்று அவர் வாங்கிவைத்த சிவப்பு. பூட்டிய அறைக்குள் இருந்த டப்பா. போய்ப் பார்த்தார், பூட்டு உடையவில்லை. சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. படிவத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மகள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிவப்பு.

“நீதானா?”

“ஆமாப்பா.”

“வாயால சொல்லியிருக்கலாமே.”

“எத்தனை தடவைப்பா? அலுப்பா இருக்கு, அப்புறம் பேசலாம்னீங்க. சுவத்துல எழுதினாத்தான் நின்னு படிக்கிறீங்க.”

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாம் மாடி வீட்டு எண்ணை அடித்துவிட்டுத் தன் வீட்டு எண்ணை எழுதினார். கையெழுத்தும் போட்டார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“டப்பாவெல்லாம் வெளிய எடுத்து வை. நம்மளைக் காலி பண்ணச் சொல்ற வரைக்கும் அந்த ரூம் திறந்தே இருக்கட்டும்.”