பெட்டியில் இல்லாத திருத்தம்

ஸஃப்னாவுக்கு அந்தக் கந்தோரில் நண்பர்கள் கிடையாது. அவளும் தேடவில்லை. புத்தளத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், மேல்மாடியில் இருக்கும் பொறியியல் கந்தோர் அது. பள்ளிக்கூடம், களஞ்சியம், மீன் ஏலக் கட்டடம் என்று எது கட்டினாலும் படம் அங்கேதான் தயாராகும். போர் முடிந்து பத்தாவது வருடம், முதலாளி தாஹிர் எஞ்சினியர் இருபத்தெட்டு வயது ஸஃப்னாவைப் படம் வரையும் பகுதிக்குத் தலைவியாக்கினார். அந்தக் கதிரை தனக்குத்தான் என்று முப்பது வருடம் காத்திருந்தவர் முத்தலிபு. அன்று மத்தியானம் அவர் சோறு தின்னவில்லை.

"தொண்ணூறில வந்த அகதிக் கூட்டம். கேம்ப்ல பொறந்ததெல்லாம் நமக்குப் படம் படிச்சுக் குடுக்கப் போகுது" என்றார், அவள் காதில் விழும்படி.

விழுந்தது. போரின்போது மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவரின் மகள் அவள். 'அகதி' என்ற சொல்லைப் பால்குடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அழுவாள் என்று நினைத்தவன்தான் மடையன். மறுநாளே சட்டம் போட்டாள்.

ஒரு கட்டடத்துக்கு ஒரே மொடல், அதாவது கொம்பியூட்டரில் வரைந்த முழுப் படம்; எல்லாருக்கும் பொதுவாக அது சேர்வரில் இருக்கும். தனிப் பிரதி யாரும் வைக்கக் கூடாது. திருத்தம் என்றால் கொம்பியூட்டரில் 'திருத்தப் பெட்டி' என்று ஒன்று உண்டு, அதில் பெயர் போட்டு எழுத வேண்டும். பெட்டியில் இல்லாத திருத்தம் இல்லாத திருத்தம். இந்தக் கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரிலும் ஒட்டினாள்.

நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஆளுக்கொரு பிரதி வைத்து வரைந்ததில், முந்தல் ஊரில் ஒரு கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒரு பக்கமும் கதவு மறு பக்கமும் வந்து ஊரே சிரித்தது. ஆனால் சட்டம் போட்ட கையோடு அவள் செய்த வேலை இருக்கிறதே! முத்தலிபு தன் பிரதிகளைப் போட்டுச் சாவிக் கொத்தில் மாட்டித் திரிந்த பென்ட்ரைவ் அவருடைய கொம்பியூட்டரில் வேலை செய்யாதபடி பூட்டினாள். மற்றவர்களுடையதை அடுத்த கிழமைதான் பூட்டினாள். அவருடையது முதல் நாளே, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க.

"எனக்கு மட்டும்தான் பூட்டா, மகள்?"

"மகள் இல்ல. மிஸ்."

அதோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது.

பிறகு வந்தது உடப்பு வேலை. அந்த ஊர்க் கடற்கரையில் மீன் ஏலக் கட்டடம். தரை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று சொல்ல ஏதாவது அசையாத அடையாளம் வேண்டுமே. அளந்தவர்கள் பக்கத்துக் கோயிலின் முன்படியைப் பிடித்தார்கள். 'தரை, கோயில் படிக்குச் சமம்' என்று ஸஃப்னா மொடலில் பதிந்தாள். இடையில் கும்பாபிஷேகம் வந்தது. கோயில்காரர் பழைய படிமேல் புதுக் கருங்கல் பதித்தார்கள். அசையாத படி ஒன்பது அங்குலம் உயர்ந்துவிட்டது. வேலை பார்க்கப் போன முத்தலிபு அதைக் கண்டார்.

வந்து பெட்டியில் எழுதினாரா? எழுதுவாரா அவர்! பழைய வழக்கப்படி அச்சுத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு எழுதி, அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் மேசையில் வைத்தார். நம்ம கடமை முடிந்தது, இனி அவள் பாடு என்று மூன்று கிழமை வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தார். கொங்கிறீற் போடும் நாள் அவருக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தார். இதற்கு வன்மம் என்றுதான் பெயர்.

படத்தில் சொன்னபடி, உயர்ந்த புதுப் படிக்குச் சமமாகவே கொங்கிறீற் போட்டாயிற்று. அது இறுகிய பிறகு மீன் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்தார்கள்; உள்ளே ஏறவில்லை. அங்கே வேலையை மேற்பார்த்த உமாசுதன் போனில் கத்தினான்.

"மிஸ், தரை அரை முழம் கூடிப் போச்சு. மீனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறச் சொல்றீங்களோன்னு சனம் சிரிக்குது!"

தாஹிர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"தரையை உடைக்கோணும். ஒரு ஆள் வேலையை விட்டுப் போகோணும். யாரு?"

ஸஃப்னா பெட்டியைத் திறந்து காட்டினாள். முத்தலிபின் பெயரில் ஒன்றுமே இல்லை.

"சிவப்புல எழுதி இவட மேசையில வெச்சேன்" என்றார் முத்தலிபு.

"அந்தத் தாள் எங்க?" என்று கேட்டார் தாஹிர்.

"ஒண்டுதான் எழுதினேன்."

எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருந்த மனிதரிடம் இதற்கு மட்டும் பிரதி இல்லை.

"எனக்குக் கெடைக்கல்ல, சேர்" என்றாள் ஸஃப்னா. பொய்யில்லை; அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப முத்தலிபு நானா, இண்டைக்கே சாமானை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தாஹிர், அண்ணன் முறை சொல்லியே.

ஸஃப்னாவுக்குச் சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்? கேட்ட 'அகதி'க்கெல்லாம் பதில் கிடைத்தது என்று மனம் குளிர்ந்து, மேசைக்கு வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அந்தக் கந்தோரில் பழைய அச்சுத்தாளைக் குப்புற விரித்து, வெள்ளைப் பக்கத்தில் பெட்டியை வைத்துத்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். அவள் தாளில் சோற்றுக்கு ஊற்றிய பருப்பாணம் பட்டுப் பட்டு நாற்றம் எடுத்திருந்தது. எறிவோம் என்று புரட்டினாள்.

சிவப்பு வட்டம். 'கோயில் படி 9 அங்குலம் உயர்ந்துள்ளது. தரை மட்டம் குறைக்கவும். முத்தலிபு.' திகதி மூன்று கிழமைக்கு முந்தியது.

"யா அல்லாஹ்!"

மூன்று கிழமையாக அதன்மேல் சோறு தின்றிருக்கிறாள். தாள் என்றாலே பழசு என்ற இளக்காரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். கூடைக்குள் எறிந்தால் கதை முடிந்தது, யாரும் காணவில்லை. கை கூடை வரைக்கும் போனதும் உண்மை. ஆனால் மன்னாரில் வாப்பா காணி உறுதிப் பத்திரத்தை நீட்ட நீட்ட, துப்பாக்கிக்காரர் வாசித்துக்கூடப் பார்க்காமல் துரத்திய கதையை அவள் நூறு தரம் கேட்டிருக்கிறாள். கை திரும்பி வந்தது.

தாஹிரிடம் கொண்டுபோய் வைத்தாள்.

"வேற யாரும் கண்டாங்களா?"

"இல்ல, சேர்."

"அப்ப கிழிச்சுப் போடுங்க. பெட்டியில இல்லாத திருத்தம் இல்லாத திருத்தம். சுவத்தில ஒட்டினது நீங்கதானே?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கறையோடு தாளைப் படம் பிடித்துத் திருத்தப் பெட்டியில் போட்டாள். கீழே எழுதினாள்: 'எழுதியவர் முத்தலிபு. மேசையில் கிடந்தும் வாசிக்காதவர் ஸஃப்னா.' பெட்டியில் விழுந்ததை யாராலும் அழிக்க முடியாது; அப்படித்தான் அவளே அமைத்திருந்தாள். அடுத்த நிமிடம் அது எல்லாக் கொம்பியூட்டரிலும் வந்து நின்றது, தாஹிருடையதிலும், உடப்பில் உமாசுதனின் போனிலும்.

தாஹிர் கத்தின கத்து பஸ் நிலையத்துக்கே கேட்டிருக்கும். ஆனால் ஊரறிந்த பிறகு ஒருவரை மட்டும் எப்படி அனுப்புவது? இருவரையும் அனுப்பினால் உடப்புத் தரையை யார் நேராக்குவது? இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

முத்தலிபு நன்றி சொன்னார் என்று நினைத்தீர்களா? பையில் கட்டியதையெல்லாம் திரும்ப மேசை லாச்சிக்குள் கொட்டிவிட்டு, அவள் மேசையடியில் வந்து நின்றார்.

"வாசிக்கத் தெரியும் போல."

"ஒங்களுக்கு வாய் தொறக்கத் தெரிஞ்சிருக்கோணும்" என்றாள் அவள்.

இன்றைக்கும் இருவருக்கும் ஆகாது. அவர் சிவப்பு எழுதிய தாளை அவள் மேசையில் எறிந்துவிட்டுப் போவார். அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு அதை வாசித்துப் பெட்டியில் பதிவாள், அவர் பெயரில். மத்தியானத்தில் மற்றவர்கள் தாள் விரிப்பார்கள். ஸஃப்னா மட்டும் வெறும் மேசையில் சாப்பிடுகிறாள்.